"வேண்டாம்" என்று சொல்ல ஒரு பட்டன் வையுங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் திரைகளை வடிவமைப்பவர்களுக்கும், என்ன வடிவமைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. திரையில் எங்களிடம் ஏதாவது கேட்டால், "வேண்டாம்" என்று பதில் சொல்லவும் அங்கே இடம் வையுங்கள். சொன்ன பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வராதீர்கள்.

கணினியிலும் போனிலும் நாள் முழுக்க வேலை பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள். மெஷின் மெதுவாக இருக்கிறது, விலை அதிகம் என்று குறை சொல்வார்கள். ஆனால் குரல் உயர்வது வேறு இடத்தில். "நான் கேட்கவே இல்லை, அதுவா வந்துடுச்சு" என்பார்கள். "எத்தனை தடவை மூடினாலும் திரும்ப வருது" என்பார்கள். உங்கள் மென்பொருளின் தரத்தைப் பற்றி அவர்களுக்குப் பெரிய புகார் இருக்காது. தங்கள் பேச்சு எடுபடவில்லை என்பதுதான் கோபம்.

அப்படிக் கேட்காமல் வந்து நிற்கும் அறிவிப்புப் பெட்டி ஒன்றைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஒருவர் பாதிக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது அது நடுத்திரையில் வந்து நிற்கிறது. மேலே சிரித்த முகங்களோடு ஒரு படம். "உங்கள் கோப்புகளைப் பாதுகாத்திடுங்கள்" என்று தலைப்பு. கீழே நீல நிறத்தில், பெட்டியின் முழு அகலத்துக்கு ஒரு பட்டன்: "இப்போதே இயக்கு". அதற்கும் கீழே, பின்னணியோடு கலந்துபோகிற சாம்பல் நிறத்தில், பட்டன் என்றே தெரியாத பொடி எழுத்தில்: "பிறகு பார்க்கலாம்". மூலையில் பெருக்கல் குறி சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. எண்டர் தட்டினால் நீல பட்டன்தான் அழுந்தும், ஏனென்றால் அதைத்தான் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள். கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறவரின் விரல் எண்டர் மேல்தானே இருக்கும்? அவர் வாசிப்பதற்கு முன்பே சம்மதம் கொடுத்தாகிவிட்டது. உங்கள் கணக்கில் அவரும் "விரும்பி இயக்கியவர்".

இந்தப் பெட்டியில் "வேண்டாம்" எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை. விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களை விண்டோஸ் 10-க்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் 2015-16-ல் ஓர் அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்தது. 2016 மே மாத வாக்கில் அந்த அறிவிப்பு மாற்றத்துக்கான நாளையும் நேரத்தையும் தானே குறித்துக்கொண்டு வந்தது. மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தக் குறியை அழுத்துகிறவர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: இதை மூடு, எனக்கு வேண்டாம். அந்தப் பெட்டியில் மட்டும் அதை அழுத்தினாலும் குறித்த நாள் ரத்தாகவில்லை. மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களின் கணினி சொன்ன நேரத்தில் மாறத் தொடங்கியது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பிய பிறகு அதைத் திருத்தினார்கள். அந்த முறை வரம்பு மீறிப் போய்விட்டோம் என்று நிறுவனத்தின் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே அந்த ஆண்டு டிசம்பரில் சொன்னார். அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் பத்து வருடம் கழித்து இன்றைக்கும் பெட்டிகள் அப்படியேதான் வருகின்றன. பெருக்கல் குறியில் கைவைக்கும் துணிச்சல் மட்டும்தான் போனது. "வேண்டாம்" இருக்க வேண்டிய இடத்தில் "பிறகு" வந்து உட்கார்ந்துகொண்டது.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் டெஸ்க்டாப்பில் வைப்பதுதான் அவர் பழக்கம். பழைய புகைப்படங்களின் ஸ்கேன், அவர் எழுதிவரும் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் இருக்க வேண்டும். புது லேப்டாப் வாங்கியதும் அதைத் தயார்செய்யும்போது வந்த திரைகளில் எதையோ அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அல்லது அது கேட்காமலே இயங்கியிருக்கிறது. எது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவருடைய டெஸ்க்டாப் முழுவதும், மென்பொருள் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் சேமிப்பிடத்தோடு இணைந்த கிளவுட் ஃபோல்டருக்குள் போய்விட்டது. பார்ப்பதற்கு எதுவும் மாறவில்லை, அதனால் அவர் கவனிக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் இலவச இடம் நிரம்பியது. இடம் இல்லை, மெயில் வராமல் போகலாம், மாதச் சந்தா கட்டி இடம் வாங்குங்கள் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. பயந்துபோய் யாரையோ கேட்டு அந்த வசதியை நிறுத்தினார். அந்த நிமிடமே டெஸ்க்டாப் காலியானது.

போனில் கூப்பிட்டார். "எல்லாம் போயிடுச்சாப்பா?"

"இல்ல சித்தப்பா, இருக்கு. வேற இடத்துல இருக்கு."

"வேற இடத்துக்கு யாரு எடுத்து வெச்சது?"

கோப்புகள் ஒன்றுகூடத் தொலையவில்லை. கிளவுட் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். காப்புப் பிரதி நல்ல விஷயம், அதை யாரும் மறுக்கவில்லை. அவருடைய பொருளை எங்கே வைப்பது என்று அவரிடம் ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பார். இப்போது காப்புப் பிரதி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நடுக்கம். பென் டிரைவில்கூட எடுத்துவைக்க மறுக்கிறார்.

இதற்கெல்லாம் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் போய் அணைத்துக்கொள்ளலாமே, வசதி கொடுத்துத்தானே இருக்கிறோம்?" இந்தப் பதிலை நீங்களே நம்புவதில்லை என்பதற்கு நீதிமன்றத்தில் சாட்சி இருக்கிறது. சஃபாரி உலாவியில் முதலிலேயே கூகுள் தேடல் இருக்க வேண்டும் என்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் வெளியே வந்த தொகை இது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அந்த வழக்கில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தேடுபொறியை மாற்றுவது இரண்டு மூன்று தட்டல் வேலை. அதை யாரும் மாற்றமாட்டார்கள் என்று தெரியாமலா ஒரு நிறுவனம் இவ்வளவு பணம் கொட்டும்? முதலில் எப்படி வைத்துக் கொடுக்கிறோமோ, பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இது உங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதைத் தெரிந்துகொண்டே "அணைத்துக்கொள்ளலாமே" என்று சொல்வது நேர்மை இல்லை.

சரி, உண்மையிலேயே "வேண்டாம்" என்று சொல்ல இடம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் ஐபோன்களுக்கான ஐஓஎஸ் 14.5 வந்தபோது, மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா என்று, அப்படிப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதி போட்டது. பெட்டியில் இரண்டே பதில், இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக. மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு, ஃபேஸ்புக்கை நடத்தும், பின்தொடர்ந்து விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் மெட்டாவின் கணக்கே போதும். இந்த மாற்றத்தால் 2022-ல் தங்கள் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று அந்த நிறுவனம் 2022 பிப்ரவரியில் முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஆப்பிள் இதைத் தன் வியாபாரத்துக்காகவும்தான் செய்தது என்பார்கள், இருக்கலாம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அதுவரை "பயனர்கள் சம்மதித்துத்தான் கொடுக்கிறார்கள்" என்று சொல்லிவந்த சம்மதம் எப்படிப்பட்டது என்று அந்த ஒரு பெட்டி காட்டிவிட்டது.

ஓர் இணையதளத்தைத் திறந்ததும், உங்களை அடையாளம் காணும் குக்கிகளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் பேனர்களிலும் இதே கதைதான். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்பதற்கு ஒரு தட்டல். மறுக்க வேண்டும் என்றால் "விருப்பங்களை நிர்வகி" என்று உள்ளே போய், ஒவ்வொரு பட்டியலாக விரித்து, கடைசியில் சேமிக்க வேண்டும். இந்த வித்தியாசமே சட்ட மீறல் என்று பிரான்சின் தனியுரிமைக் கண்காணிப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் ஐரோப்பாவில் "எல்லாவற்றையும் நிராகரி" என்ற பட்டனைக் கொண்டுவரத் தொடங்கியது. அபராதம் வந்த மூன்று நான்கு மாதத்தில் முடிகிற வேலை, அதற்கு முந்தைய அத்தனை வருடமும் ஏன் முடியவில்லை?

அமேசான் விஷயம் இன்னும் நேரடியானது. பிரைம் சந்தாவில் சேர்ப்பதற்கு வாடிக்கையாளர்களை ஏமாற்றும் திரைகளைப் பயன்படுத்தியது, ரத்துசெய்வதை வேண்டுமென்றே சிக்கலாக்கியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசமானது. தவறு எதையும் அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சமரசத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. பிரைம் வேண்டாம் என்று சொல்ல எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பட்டன் இருக்க வேண்டும். "இல்லை, எனக்கு இலவச டெலிவரி வேண்டாம்" என்கிற மாதிரி, மறுப்பவரைக் கூச வைக்கிற பட்டன் இனி கூடாது. ஒரு பட்டனின் வாசகத்தை அரசு ஆணையம் உட்கார்ந்து திருத்த வேண்டிய நிலைமை வந்திருக்கிறது. ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் சந்தா விற்கிறவர்கள் அதை ரத்துசெய்யவும் தளத்திலேயே ஒரு பட்டன் வைத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதையெல்லாம் சட்டம் போட்டு வாங்கவேண்டி வந்ததே, அது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?

இப்போது எல்லாவற்றிலும் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. கடிதம் எழுதும் மென்பொருளில், மெயிலில், தேடலில், அரட்டைச் செயலியில், எங்கே பார்த்தாலும் ஒரு மினுமினுக்கும் குறி. அது பயனுள்ளது என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் சில வேலைகளுக்குப் பயன்படுத்துகிறேன். அது வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். வேர்ட், எக்செல் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர், குடும்பச் சந்தாக்களில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து விலையை ஏற்றினார்கள். தனிநபர் திட்டம் ஆண்டுக்கு 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆனது. வாடிக்கையாளர்களுக்குப் போன மெயிலில் இரண்டே வழி: புது விலையைக் கட்டுங்கள், அல்லது ரத்துசெய்யுங்கள். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. கோபைலட் இல்லாமல், பழைய விலையிலேயே "கிளாசிக்" என்று ஒரு திட்டம். ரத்துசெய்யும் வேலையைத் தொடங்கிய பிறகுதான் அது திரையில் தெரிந்தது. சுமார் 27 லட்சம் பேரை இப்படித் தவறாக வழிநடத்தியதாகச் சொல்லி அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கிளாசிக் திட்டத்துக்கு மாறுகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

இதில் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மூன்றாவது வழியை யாரோ உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். விலை வைத்திருக்கிறார்கள், பெயர் வைத்திருக்கிறார்கள், திரை வரைந்திருக்கிறார்கள். அப்புறம் அதை எங்கே ஒளித்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "இதை மெயிலிலேயே சொல்லிவிடலாமே" என்று கேட்டிருப்பார் என்றுதான் நான் நம்ப விரும்புகிறேன். இந்தக் கடிதம் அப்படிக் கேட்கிறவர்களுக்குத்தான் முதலில்.

லிங்க்ட்இன் 2024 செப்டம்பரில் மாட்டிக்கொண்டதும் இதே ரகம். உறுப்பினர்களின் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அமைப்பு, பல நாடுகளில் அவரவர் கணக்கில் ஏற்கெனவே இயக்கப்பட்டு இருந்தது. தேடிப்போய் அணைத்தால், அதுவரை நடந்த பயிற்சிக்கு அது பொருந்தாது. தாமதமாகக் கிடைக்கும் "வேண்டாம்" பாதிப் பதில்தான்.

"தொழில்நுட்ப ரீதியாக அது முடியாது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியை விண்டோஸிலிருந்து நீக்க முடியாது என்றே வெகுகாலம் இருந்தது. ஐரோப்பாவில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் வந்ததும், 2024 மார்ச்சுக்குள் அங்கே இருக்கிற விண்டோஸ் 11-ல் நீக்க முடிந்தது. அதே மென்பொருள்தான். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று பார்த்து, ஒருவருக்கு "நீக்கு" பட்டன் உயிரோடு வருகிறது, இன்னொருவருக்குச் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது.

உங்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாப்பு அப்டேட்டுகளை எல்லோருடைய இஷ்டத்துக்கும் விட்டுவிட முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை புழு 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது, பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஆகவே பாதுகாப்பு அப்டேட் தானாக வருவதை நான் எதிர்க்கவில்லை. வரட்டும்.

ஆனால் அதே மூட்டைக்குள் வேறு என்னவெல்லாம் கட்டி அனுப்புகிறீர்கள்? டாஸ்க்பாரில் ஒரு புதுப் பட்டன், தொடக்கப் பட்டியலில் விளம்பரம், இடம் மாறிய மெனு, கேட்காத ஒரு செயலி. இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒருவர் கடைசியில் என்ன செய்கிறார்? அப்டேட்டையே நிறுத்திவைக்கிறார். எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவரிடம் கேட்டு, அடுத்தவருக்கும் சொல்லித் தருகிறார். பாதுகாப்பை மற்றதோடு கலந்ததால் நஷ்டப்படுவது பாதுகாப்புதான். இரண்டையும் பிரித்து இரண்டு வழியாக அனுப்புங்கள். ஓட்டையை அடைப்பது தானாக வரட்டும், புதுமை கேட்டு வரட்டும். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். ஒருவரின் கணினி பத்திரமாக இருப்பது அவருடைய பொறுமையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

பட்டன் வைப்பதோடு வேலை முடியாது. பதிலுக்கு மதிப்பும் வேண்டும். "என்னைப் பின்தொடர வேண்டாம்" என்று ஒவ்வொரு தளத்துக்கும் சொல்லும் ஒரு வசதி உலாவிகளில் பல வருடம் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரே முறை சொன்னால் போதும், மிக அழகான ஏற்பாடு. அதை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லாததால் பெரும்பாலான தளங்கள் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் 2025 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 135-வது பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் டிக் போட்டுவிட்டு இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

நாளைக்கே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். "பிறகு" என்று ஒருவர் இரண்டு முறை அழுத்தினால் மூன்றாவது முறை அந்தப் பெட்டியில் "இனி கேட்காதே" என்பதும் இருக்கட்டும். இரண்டு பட்டனும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் இருக்கட்டும். அப்டேட் வந்த பிறகு நாங்கள் அணைத்துவைத்தது அணைந்தே இருக்கிறதா என்று வெளியிடுவதற்கு முன்பு சோதித்துப் பாருங்கள். மற்ற பிழைகளுக்கு இருப்பது போல இதற்கும் உங்கள் பிழைப் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். அணைத்தது தானாக இயங்கினால் அது பிழை, அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே. ஒரு வசதியை எத்தனை பேர் இயக்கினார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் அது வெற்றியா தோல்வியா என்று பார்க்கிறீர்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், இயக்கிய ஒரு வாரத்துக்குள் அணைத்தவர்கள் எத்தனை பேர், அணைக்கும் வழியைத் தேடி உதவிப் பக்கத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் போடுங்கள். இந்த விவரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் எங்கே தட்டுகிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று எல்லாவற்றையும் அளக்கிற உங்களுக்கு இதை எடுப்பது கஷ்டம் இல்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு எண்களையும் ஒரே திரையில் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் அந்தப் பெட்டி அப்படியேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால், ஏன் என்று எங்களுக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்